பொத்தான் போட முடியாதவருக்கும் சட்டை வேண்டும்!

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் - இந்த மூன்றும் ஒவ்வொரு மனிதனுக்கும் வேண்டும் என்று மந்திரிகளும் சொல்கிறார்கள், மடாதிபதிகளும் சொல்கிறார்கள். உணவுக்காக நாம் போராடியிருக்கிறோம். குடிமனைக்காகப் போராடியிருக்கிறோம். நூல் விலையும் துணி விலையும் ஏறியபோதெல்லாம் ஊர்வலம் போயிருக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் உரக்கக் கேட்டதில்லை. துணி கையில் இருந்தும் அதை உடுத்த முடியாதவர் என்ன செய்வார்?

இது வீண் கேள்வி அல்ல, தோழர்களே! பஞ்சாலையில் கார்டிங் இயந்திரத்தில் சிக்கி வலது கை விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளி நம்மிடையே இருக்கிறார். கதிரடிக்கும் இயந்திரம் மணிக்கட்டோடு கையை வாங்கிக்கொண்ட விவசாயத் தொழிலாளி இருக்கிறார். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் படுத்திருப்பவர் இருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலற்றுப் போன தாய் இருக்கிறாள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப் போன அக்கா இருக்கிறாள். காலையில் எழுந்ததும் இவர்கள் எல்லோரும் சந்திக்கும் முதல் எதிரி யார் தெரியுமா? அவர்களுடைய சட்டையும் சேலையும்தான்!

ஒரு சாதாரணச் சட்டையில் ஆறேழு பொத்தான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் துளைக்குள் தள்ள இரண்டு கை வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஒரு கை இல்லாதவர் மனைவியைக் கூப்பிட வேண்டும். மனைவியோ விடிவதற்குள் நடவுக்குக் கிளம்ப வேண்டியவள். மகளைக் கூப்பிட வேண்டும். மகளோ பள்ளிக்கூடம் போக வேண்டியவள். படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டித் துவட்டி, உடை மாற்றிவிட ஒரு மணி நேரம் ஆகும் வீடுகள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி யார் தருகிறார்கள்? இயந்திரம் ஒருவருடைய கூலியைப் பறித்தது. பொத்தானும் நாடாவும் சேர்ந்து இன்னொருவருடைய கூலியையும் பறிக்கின்றன. ஆகவே இது அனுதாபப் பிரச்னை அல்ல, கூலிப் பிரச்னை!

யாருக்காக வெட்டிய சட்டை?

ஊர்த் தையற்காரர் ஆளை எதிரே நிறுத்தி அளவெடுத்தார். தோள் சாய்ந்திருந்தால் சாய்வாகவே வெட்டினார். முதுகு கூனியிருந்தால் பின்பக்கம் நீட்டினார். ஆயிரக்கணக்கில் உடை தைத்துத் தள்ளும் கம்பெனிகள் வந்த பிறகு மனிதன் 38, 40, 42 என்ற எண்ணாகிவிட்டான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான். அவன் நேராக நிற்கிறான். அவனுக்கு இரண்டு கை, பத்து விரல். குனியவும் நிமிரவும் கையைத் தலைக்கு மேலே தூக்கவும் அவனால் முடியும். முதலாளி எப்படிப்பட்ட ஆளை வேலைக்குத் தேடுகிறாரோ, அதே ஆளுக்குத்தான் சட்டையையும் வெட்டுகிறார்!

திருப்பூரைப் பாருங்கள். 2024-25 ஆம் ஆண்டில் மட்டும் அங்கிருந்து ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை வெளிநாடு போயிற்று. உலகத்தின் முதுகை மூடுகிற ஊர் அது. அங்கே ஒருவர் நாள் முழுதும் கை மட்டும் ஏற்றுவார், இன்னொருவர் கழுத்துப் பட்டி மட்டும் வைப்பார், மற்றொருவர் ஓரம் மட்டும் அடிப்பார். பீஸ் ரேட்டுக்குக் கை பறக்க வேண்டும். இந்த ஓட்டத்தில், “இடது கை இல்லாதவருக்கு ஐம்பது சட்டை, தள்ளுவண்டியில் இருப்பவருக்கு ஐம்பது கால்சட்டை” என்று சொன்னால் கம்பெனிக்காரர் என்ன சொல்வார்? “லைனை நிறுத்தினால் நஷ்டம்” என்பார். உலகத்துக்கே தைத்துக் கொடுக்கிற தொழிலாளிக்குக் கை போனால், அவருக்கு ஏற்ற சட்டை தைக்க அங்கே ஒரு மெஷின் கூட ஒதுங்காது! இந்த ஏற்பாட்டைத்தான் நாகரிகம் என்கிறார்கள்.

எப்படி மாற வேண்டும் உடை?

“விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்” என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். தையல் தெரிந்த எவருக்கும் புரிகிற காரியம்தான் இது.

ஒரு கையால் உடுத்துபவருக்குப் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைக்கலாம். அவர் ஊரார் முன் கூச வேண்டாம் என்றால், மேலே பொத்தானை அழகுக்குத் தைத்துவிட்டு அடியிலே ஒட்டுப் பட்டையை மறைத்துவிடலாம். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை எலாஸ்டிக் நூலால் தைத்துவிட்டால், அதை அவிழ்க்காமலே கை உள்ளே போகும். ஜிப் முனையில் ஒரு வளையம் மாட்டிவிட்டால் விரல் மடங்காதவரும் இழுக்கலாம். காந்தம் வைத்த பொத்தான்களும் வந்திருக்கின்றன. ஆனால் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களுக்குக் காந்தம் ஆகாது.

பக்கவாதம் வந்தவர்களின் குடும்பத்தார் ஒரு விதியை மனதில் வைக்க வேண்டும். உடுத்தும்போது செயலற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுத்து, செயலற்ற கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். கைத்துளை அகலமாக இருந்தால் இது சுலபம். குறுகலாக இருந்தால் தோள்பட்டையே நழுவி வலி பிராணனை வாங்கும். தோள் இறுகிப்போன பெண்ணுக்குப் பின்னால் கொக்கி வைத்த ரவிக்கை ஒரு தண்டனை. முன்னால் திறக்கும் ரவிக்கையும், கொக்கிக்குப் பதில் ஒட்டுப் பட்டையும் வைத்தால் அவள் தானே உடுத்துவாள்.

நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவரின் சங்கதி வேறு. நிற்பவருக்கு வெட்டிய கால்சட்டை உட்கார்ந்தால் பின்னால் இறங்கும், முன்னால் வயிற்றில் சுருண்டு அழுத்தும், கணுக்காலில் மேலே ஏறும். ஆகவே பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும், கால் நீளம் கூடுதலாகவும் வெட்ட வேண்டும். பின்பையும் தடித்த தையலும் கூடவே கூடாது. ஏன்? முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்த இடத்தில் உணர்வு கிடையாது. நமக்கு ஒரு மடிப்பு உறுத்தினால் நகர்ந்து உட்காருகிறோம். அவருக்கு உறுத்துவதே தெரியாது. ஒரு தையல் மேடு, ஒரு துணிச் சுருக்கம், மறந்துபோன ஒரு நாணயம் - இவை போதும், ரத்த ஓட்டம் நின்று தோல் கறுத்துப் புண்ணாகும். அந்தப் புண் எலும்பு வரை போகும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிரையே குடிக்கும். ஒரு கால்சட்டைத் தையல் ஆளைக் கொல்லும், தோழர்களே! இது மிகைப்பேச்சு அல்ல.

ஊன்றுகோல் வைத்து நடப்பவருடைய சட்டை அக்குளில்தான் முதலில் கிழியும். அங்கே கூடுதலாக ஒரு துணித் துண்டு வைத்துத் தைத்தால் கையும் தாராளமாக அசையும், சட்டையும் உழைக்கும். காலில் இரும்புக் காலிப்பர் மாட்டியவருக்கு முழங்கால் பூட்டு துணியைத் தின்றுவிடும். உள்ளே கெட்டித் துணி ஒட்டு வேண்டும், பக்கவாட்டில் ஜிப் வேண்டும். மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிப் போகும் பெண்ணுக்கு முந்தானையே எமன். சங்கிலியில் சிக்கினால் கீழே தள்ளும். தைத்துவிட்ட சேலையோ, முந்தானை இல்லாத உடையோ அவளுக்கு வேண்டும்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லியாக வேண்டும். கழிப்பறைக்குப் போக உடையை விலக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தாகத்தை அடக்குகிறார்கள், நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் வாங்கிக்கொள்கிறார்கள். பாவாடை நாடாவின் முடிச்சு ஒரு பெண்ணைத் தாகத்தில் வாட்டுகிறது என்றால், அந்த முடிச்சை அவிழ்ப்பது யார் கடமை?

நம் லுங்கியையும் மறக்க வேண்டாம். பொத்தான் இல்லை, ஜிப் இல்லை, எந்த இடுப்புக்கும் பொருந்தும். உழைப்பாளி மக்களின் அறிவு அது. அதற்கும் முடிச்சுப் போட இரண்டு கை வேண்டுமே! இடுப்பில் ஒட்டுப் பட்டை வைத்த வேட்டி கடைகளில் வந்துவிட்டது. யாருக்காக வந்தது? கல்யாண வீட்டில் வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளைத் தோழர்களுக்காக! கட்டத் தெரியாதவருக்கு வழி கண்டுபிடித்த வியாபாரிகளுக்கு, கட்ட முடியாதவர் கண்ணில் படவில்லை.

லாபம் வரும் வரையில்தான்

இந்த யோசனை புதிதல்ல. 1955-ல் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துப் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் ஹெலன் குக்மன் என்ற உடை வடிவமைப்பாளர் ஊனமுற்றோருக்கான உடைகளை ஆராய்ந்து உருவாக்கினார். அந்த நிலையத்தை நடத்தியவர் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க். குக்மன் அம்மையாருக்கே காது சரியாகக் கேட்காது. பெயர் பெற்ற கம்பெனிகள் பல அந்த வரிசையில் உடை தைத்தன. ஆனால் 1970-களோடு அது நின்றுபோயிற்று. பெரிய ஆடைக் கம்பெனி ஒன்று மறுபடி அதில் பெயரெடுக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று. 2016-ல் டாமி ஹில்ஃபிகர் கம்பெனி ஊனமுற்ற குழந்தைகளுக்கான உடைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெரியவர்களுக்கும் வந்தது. நல்லதுதான். ஆனால் நம் ஆலைத் தொழிலாளி பல நாள் கூலியைக் கொட்டினாலொழிய அதை வாங்க முடியாது.

இதிலிருந்து தெரிவது என்ன? அறிவு இருந்தது, துணி இருந்தது, தைக்கும் கைகளும் இருந்தன. தேவையோ ஒரு நாளும் குறையவில்லை. இத்தனை இருந்தும் நாற்பது ஆண்டு இடைவெளி ஏன்? சந்தை மனிதத் தலைகளை எண்ணுவதில்லை, மடிசஞ்சியைத்தான் எண்ணுகிறது. ஊனமுற்றவருக்கு வேலை கொடுப்பதில்லை. வேலை இல்லாததால் கையில் காசில்லை. காசில்லாததால் கடையில் உடை இல்லை. உடை இல்லாததால் வேலைக்குப் போக முடியவில்லை! இந்தச் செக்கை லாபம் உடைக்காது. மக்களின் கோரிக்கைதான் உடைக்கும்.

ஜெய்ப்பூர் தரும் பாடம்

நம் நாட்டிலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது. 1968-ல் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் ஒரு செயற்கைக் கால் பிறந்தது. அதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் எலும்பு வைத்தியர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர். அதுவரை கிடைத்த மேல்நாட்டுக் கால் பூட்ஸ் போட்டு நடக்கிறவருக்காகச் செய்தது. அதை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம் விவசாயிக்கு அது காலா, கட்டையா? நோயாளிகள் அதைக் கழற்றி மூலையில் போட்டார்கள். அதைப் பார்த்த சர்மாவும் சேத்தியும் ரப்பரையும் மரத்தையும் கொண்டு, வெறுங்காலோடு வயலில் நடக்கத்தக்க, மரம் ஏறத்தக்க காலைச் செய்தார்கள். விலையும் ஏழைக்கு எட்டியது.

அவர்கள் தொடங்கிய இடம் எது? உழைக்கிறவன் எப்படி உட்காருகிறான், எங்கே நடக்கிறான் என்ற கேள்வி! உடைக்கும் அதே கேள்விதான் வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற, வெயிலில் வேர்க்கிற, ஆற்றிலும் கிணற்றடியிலும் துவைக்கிற மக்களுக்கான உடையை நியூயார்க்கில் வெட்ட முடியாது. இங்கேதான் வெட்ட வேண்டும்.

சட்டம் இருக்கிறது, சட்டை எங்கே?

2011 ஜனக்கணக்கின்படி இந்தியாவில் 2 கோடி 68 லட்சம் பேர் ஊனமுற்றோர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 12 லட்சம் பேர். நாடு முழுவதும் பார்த்தால் அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் இருப்பவர்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த ஆண்டு எடுக்கப்படவே இல்லை.

ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்டது. போதிய உணவு, உடை, வீடு ஆகியவற்றுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 28-வது ஷரத்து சொல்கிறது. உடை என்ற சொல்லே அதில் இருக்கிறது! 2016-ல் பார்லிமெண்ட் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-வது பிரிவோ, எல்லோரும் பயன்படுத்தத்தக்க முறையில் நுகர்பொருள்கள் உருவாகவும் உற்பத்தியாகவும் விநியோகமாகவும் சர்க்கார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. சட்டை நுகர்பொருள் இல்லையா? சேலை நுகர்பொருள் இல்லையா?

நஷ்ட ஈட்டின் கதையைக் கேளுங்கள். 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் உடலைத் துண்டு துண்டாக விலை போட்டது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் இழப்பு. ஒரு கையின் நான்கு விரல் போனால் 50. பழைய சட்டங்களைத் தொகுப்பு என்ற பெயரில் இப்போது கலைத்துப் போட்டார்கள். ஆனால் விரலுக்குச் சதவிகிதம் எழுதும் வழக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் கணக்கு சம்பாதிக்கும் சக்தியைத்தான் அளக்கிறது. மீதி ஆயுள் முழுதும் உடுத்தவும் கழற்றவும் படும் பாட்டை எந்த அட்டவணை அளக்கிறது? கதிரடிக்கும் இயந்திரங்கள் கைகளை வெட்டித் தள்ளியதால் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டமே கொண்டுவந்தார்கள். வெட்டுப்பட்ட கைக்காரர் மறுநாள் எதை உடுத்துவார் என்று அந்தச் சட்டமும் கேட்கவில்லை.

2010-ல் ஊனமுற்றோர் என்ற சொல் வேண்டாம், மாற்றுத்திறனாளி என்று சொல்லுங்கள் என்றது தமிழக சர்க்கார். மதிப்பான சொல், வரவேற்போம். ஆனால் பெயரை மாற்றினார்கள், சட்டையை மாற்றவில்லை! முகாம் போட்டு மூன்று சக்கர வண்டி தருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அந்த வண்டியில் உட்காருகிறவர் உடுத்த வேண்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை.

“முதலில் கூலி, பிறகு பொத்தான்” என்போருக்கு

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம்: “கூலி உயர்வு இருக்கிறது, நிலம் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது. இந்த நேரத்தில் பொத்தானா?” கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது. வெளியே வர உடை இல்லாதவர் வேலைக்கு வர முடியாது, சங்கக் கூட்டத்துக்கும் வர முடியாது. அவர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் அவருடைய குரலும் அடைந்து கிடக்கும். மாத உதவித்தொகையை உயர்த்தக் கோரி மாற்றுத்திறனாளிகள் மறியல் செய்து கைதாகிறார்கள். அந்த மறியலுக்கு வந்தவர் எத்தனை பேர், உடுத்திவிட ஆளில்லாமல் வர முடியாமல் போனவர் எத்தனை பேர்? தவிர, இன்று முழு உடலோடு இயந்திரத்தின் முன் நிற்கும் எவரும் நாளை மாலையும் பத்து விரலோடு வீடு திரும்புவார் என்று எந்த முதலாளியாவது எழுதிக் கொடுப்பாரா? முதுமை வந்தால் விரல் நடுங்காதா? இது வேறு யாருக்கோ வந்த வினை அல்ல, உழைக்கும் வர்க்கத்தின் வாசலில் நிற்கும் பிரச்னை.

தர்மவான்கள் பழந்துணி கொடுப்பார்கள் என்று சிலர் சொல்லலாம். நமக்குத் தர்மம் வேண்டாம். சரியான வெட்டு வேண்டும்!

நம் கோரிக்கைகள்

இதற்குப் புது ஆலை கட்ட வேண்டியதில்லை. இருப்பதைத் திருப்பிவிட்டாலே போதும். சமூக நலத்துறையின் கீழ் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை அவர்கள் தைக்கிறார்கள். 1983 முதல் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷின் தரும் திட்டமும் இருக்கிறது. மெஷினைக் கொடுத்துவிட்டு வேலை கொடுக்காமல் விடுகிறார்கள்! ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: பள்ளிச் சீருடையில் ஊனமுற்ற பிள்ளைகளுக்குத் தனியே அளவெடுத்து, அவர்கள் தாமே உடுத்தும்படி கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தர வேண்டும்.

இரண்டு: பொங்கல் வேட்டி சேலையில், வேண்டுவோருக்கு ஒட்டுப் பட்டை வைத்த வேட்டியும் தைத்த சேலையும் தர வேண்டும்.

மூன்று: சர்க்கார் வழங்கும் உதவி உபகரணங்களின் பட்டியலில் உடையையும் சேர்க்க வேண்டும். இந்த உடை மருந்து போன்றது, அலங்காரம் அல்ல.

நான்கு: வேலையில் ஊனமுற்றவருக்கு நஷ்ட ஈட்டோடு, அவருக்கு ஏற்ற உடையையும் முதலாளியின் செலவில் தர வேண்டும். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் செயற்கைக் கை கால் பொருத்தும்போதே உடைக்கும் அளவெடுக்க வேண்டும்.

ஐந்து: இந்த உடைகளை வடிவமைக்கும் இடத்தில் அணிகிறவர்களே உட்கார வேண்டும். தையல் மெஷின் பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கே அந்த வேலை ஆர்டரைக் கொடுக்க வேண்டும்.

சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். அதற்கு முன்பே செய்யத்தக்க காரியமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆலைக் கமிட்டியும் விவசாயத் தொழிலாளர் கிளையும் தன் ஊரில் உடுத்த முடியாமல் வீட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். தையல் தெரிந்த தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுத்து, அவர்களுடைய பழைய சட்டையைப் பிரித்து ஒட்டுப் பட்டை வைத்துக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.

பருத்தியை விளைவிப்பவர் நாம். நூலாக நூற்பவர் நாம். துணியாக நெய்து சட்டையாகத் தைப்பவரும் நாமே. அந்தச் சட்டை நம்மில் ஒருவருக்குக் கூடப் பொருந்தாமல் போகக் கூடாது!